ச என்பது எந்தக் கட்டை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. முப்பத்தெட்டு வயதில் ஒரு கீபோர்டு வாங்கி, வீடியோ பார்த்து சி, டி, இ, எஃப் பழகியிருக்கிறீர்கள். சி என்றால் ச, டி என்றால் ரி என்று கட்டைகளின் மேல் ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டீர்கள். ஆறு மாதமாகப் பாட்டு கற்கும் உங்கள் ஒன்பது வயது மகள், கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை பாடும்போது கூடவே வாசித்தால் ஒட்ட மாட்டேன் என்கிறது. டீச்சரிடம் கேட்டதற்கு, "அவளுக்கு அஞ்சரைக் கட்டை சார்" என்று மட்டும் சொன்னாராம். கீபோர்டில் கோளாறா, உங்கள் காதில் கோளாறா, இல்லை நம் சங்கீதமும் மேற்கத்திய சங்கீதமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு கணக்கா, இசைக் கோட்பாட்டை எந்த முனையில் பிடித்து ஆரம்பிப்பது என்று கேட்கிறீர்கள்.

நாலு கேள்வி மாதிரி தெரிந்தாலும் ஒன்றுதான். ச என்பது எந்தக் கட்டை? எந்தக் கட்டையை நீங்கள் ச என்று வைத்துக்கொள்கிறீர்களோ அது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக இடத்தில் போய் உட்காரும். புரியாமல் பத்து வருஷம் வாசித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் இருபத்துநாலு வருஷமாக வயலின் சொல்லித்தருகிறேன். கர்நாடக சங்கீதம்தான் முதலில் கற்றது. முப்பது வயதுக்கு மேல், பத்து வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மேற்கத்தியக் கோட்பாட்டுத் தேர்வுகளையும் எழுதினேன். அங்கே முதல் இரண்டு மாதம் நானும் இதே தப்பைத்தான் செய்தேன். அவர்கள் சி என்று சொன்னதெல்லாம் என் காதில் ச என்றே விழுந்தது.

சி என்பது கதவு எண் மாதிரி. ஏ என்ற ஸ்வரத்தை நொடிக்கு 440 அதிர்வு என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து கணக்குப் போட்டால் கீபோர்டின் நடு சி 261.63 அதிர்வு. சென்னையிலும் லண்டனிலும் அது அதேதான். ச என்பதோ "எங்க வீடு" என்று சொல்வது மாதிரி. யார் சொல்கிறார்களோ அவர்கள் வீடு. பாடுகிறவர் தன் குரலுக்குச் சௌகரியமான ஓர் இடத்தைப் பிடித்து அதைச் ச என்று வைத்துக்கொள்கிறார். அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் ரி, க, ம எல்லாம். அந்த இடத்துக்குப் பெயர்தான் சுருதி.

கட்டை என்ற கணக்கு ஆர்மோனியத்திலிருந்து வந்தது. சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணுங்கள்: சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் வரும் கருப்புக் கட்டைகள் அரை. சி ஷார்ப் ஒன்றரை, ஜி ஷார்ப் ஐந்தரை. இ-க்கும் எஃப்-புக்கும் நடுவே கருப்பு இல்லாததால் மூன்றரை என்று ஒன்று கிடையாது. பி-க்கு அடுத்தும் கருப்பு இல்லை, அதனால் ஏழரையும் கிடையாது. பாட்டுக்காரர்களுக்கு அந்த ஒரு தொல்லை மட்டும் இல்லை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையை ஒட்டியும், பெண்களும் குழந்தைகளும் நாலரையிலிருந்து ஆறு வரையிலும் பாடுவது வழக்கம். ஆக டீச்சர் சொன்னதற்கு அர்த்தம், உங்கள் மகளின் ச என்பது ஜி ஷார்ப். நடு சி-யிலிருந்து கருப்பும் வெள்ளையுமாக இடப்பக்கம் நாலு கட்டை எண்ணினால் வருவது.

இப்போது ஜி ஷார்ப்பை ச-வாக வைத்து, வீடியோவில் கற்ற மேஜர் ஸ்கேலை அங்கிருந்து வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ச, க, ம, ப, நி ஒட்டும். ரி-யும் த-வும் மட்டும் உறுத்தும். காரணம், மேஜர் ஸ்கேல் நம் கணக்கில் சங்கராபரணம் என்ற ராகம். சரளி வரிசை சொல்லித்தருவது மாயாமாளவகௌளை என்ற ராகத்தில். அதில் ரி-யும் த-வும் அரைப் படி, அதாவது கருப்பும் வெள்ளையுமாக எண்ணினால் ஒரு கட்டை, கீழே இருக்கும். உங்கள் மகள் பாடுவதை ஜி ஷார்ப்பில் வாசிக்க வேண்டுமென்றால் வரிசை இது: ஜி ஷார்ப், ஏ, சி, சி ஷார்ப், டி ஷார்ப், இ, ஜி, மறுபடி ஜி ஷார்ப். நீங்களோ சி-யிலிருந்து ஆரம்பித்து வெள்ளையில் மட்டும் போயிருக்கிறீர்கள். வீடும் வேறு, வீட்டுக்குள் படிகளும் வேறு. கீபோர்டு, காது இரண்டிலும் கோளாறில்லை. ஒட்டவில்லை என்று கண்டுபிடித்ததே அந்தக் காதுதானே.

ஏன் மாயாமாளவகௌளை என்று அடுத்து கேட்பீர்கள். கர்நாடக சங்கீதத்தின் பிதாமகர் என்று சொல்லப்படும் புரந்தரதாசர் அப்படி வகுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதற்குமேல் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அமைப்பின் வசதி கண்ணுக்குத் தெரிகிறது. ச-விலிருந்து ரி ஒரு அரைப் படி, ரி-யிலிருந்து க மூன்று, க-விலிருந்து ம ஒன்று. ப-விலிருந்து மேல் ச வரையிலும் அதே ஒன்று, மூன்று, ஒன்று. மேல் பாதியும் கீழ் பாதியும் அச்சில் வார்த்த மாதிரி. ஒரு பாதி தொண்டையில் நின்றுவிட்டால் மறு பாதி தானாக வரும்.

சரி, இந்தப் படிகள் எங்கிருந்து வந்தன? இதில் ஒரு பகுதி இயற்கை, ஒரு பகுதி மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. மேல் ச என்பது கீழ் ச-வின் அதிர்வெண்ணைப் போல் சரியாக இரண்டு மடங்கு. 207.65-இல் இருக்கும் மகளின் ச-வுக்கு மேல் ச 415.3. ஆணும் பெண்ணும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடினால், ஒருவர் குரல் மற்றவருடையதைப் போல இரண்டு மடங்கில் இருந்தாலும், "ஒரே சுருதியில் பாடினார்கள்" என்றுதான் சொல்கிறோம். ப என்பது ச-வைப் போல் ஒன்றரை மடங்கு. இந்த இரண்டையும் யாரும் உட்கார்ந்து விதிக்கவில்லை. ஒரு தந்தியை மீட்டினால் அதன் அதிர்வுக்குள்ளேயே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு, ஐந்து மடங்கு என்று மெல்லிய ஒலிகள் சேர்ந்தே கிளம்பும். அந்த ஐந்தாவது மடங்குதான் அந்தர காந்தாரம், அதாவது உங்கள் மகள் பாடும் க. நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவில், தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் சரியாக உட்கார்ந்திருந்தால், யாரும் மீட்டாத அந்தக் காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. புது மாணவர்களுக்கு ஒரு வாரம் கேட்காது. கேட்ட நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் கீபோர்டு இந்த இயற்கைக் கணக்கில் செய்யப்பட்டது இல்லை. ப-வுக்கு ப தாவுவதாக ஒன்றரை, ஒன்றரையாகப் பெருக்கிக்கொண்டு பன்னிரண்டு முறை போனால் 129.75 வருகிறது. ச-வுக்கு மேல் ச-வாக இரண்டிரண்டாகப் பெருக்கி ஏழு முறை போனால் 128. இரண்டும் ஒரே கட்டையில் முடிய வேண்டியவை, கிட்ட வந்து தட்டிப் போகிறது. இந்த மிச்சத்தை எங்கே தள்ளுவது என்பது ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிரச்சினை. கடைசியில் எல்லாக் கட்டைக்கும் சமமாகப் பங்கு போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கட்டையும் முந்தையதைப் போல் சுமார் 1.0595 மடங்கு. இதனால் எந்தக் கட்டையிலிருந்தும் ஆரம்பிக்கலாம் என்ற வசதி கிடைத்தது. விலையாக, ச-வைத் தவிர ஒவ்வொன்றும் கொஞ்சம் விலகியது. உங்கள் மகள் தம்பூராவோடு இழைந்து பாடும் காந்தாரம் 259.6 அதிர்வு. உங்கள் கீபோர்டில் அதே இடத்தில் இருக்கும் சி 261.6. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை ஓர் அலை எழுந்து அடங்கும். பஞ்சமத்தில், அதாவது ப-வில், இந்த வித்தியாசம் அரை அதிர்வுகூட இல்லை, கவலைப்பட வேண்டாம். காந்தாரத்தில் மட்டும் அவளைக் கீபோர்டுக்குத் திருத்தாதீர்கள். அவள் தம்பூராவோடு சேர்ந்திருந்தால் அவள் பாடுவதுதான் சரி.

இந்த இடத்தில் யாராவது வந்து இருபத்திரண்டு சுருதி என்று ஆரம்பிப்பார்கள். இங்கே சுருதி என்றால் பாடுகிறவரின் ச இல்லை, ச-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடங்கள். பழைய நூல்களில் அந்த எண்ணிக்கை உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்த இருபத்திரண்டையும் எப்படி அளந்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இருபத்திரண்டை ஏற்காமல் இருபத்துநாலு என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார். இன்றைய மேடையில் பாடுகிறவர் யாரும் இந்த எண்களை மனதில் வைத்துப் பாடுவதில்லை. ஆரம்பத்தில் இதற்குள் போகாதீர்கள், திரும்பி வர வழி தெரியாது.

பன்னிரண்டு இடங்கள்தான் என்றாலும் கர்நாடகக் கணக்கில் ஸ்வரப் பெயர்கள் பதினாறு. ச-வும் ப-வும் அசையாது. ம-வுக்கு இரண்டு வகை. ரி, க, த, நி நான்குக்கும் மூன்று மூன்று. கூட்டிப் பாருங்கள், பதினாறு. அதாவது நாலு இடங்களுக்கு இரண்டிரண்டு பெயர். ரிஷபம் என்றால் ரி, காந்தாரம் என்றால் க. சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே கட்டை. ஷட்ச்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே கட்டை. பல்லவியிலேயே குழப்புகிறார்களே என்று தோன்றும். காரணம் எளிது: ஒரு மேளத்தில், அதாவது தாய் ராகத்தில், ஏழு ஸ்வரமும் ஆளுக்கு ஒரு முறை வந்தாக வேண்டும், இரண்டு ரி கூடாது. மேற்கத்தியர்களிடமும் இதே பிடிவாதம் உண்டு. ஒரே கருப்புக் கட்டையை ஒரு ஸ்கேலில் ஜி ஷார்ப் என்றும் இன்னொன்றில் ஏ ஃப்ளாட் என்றும் எழுதுவார்கள், ஒவ்வோர் எழுத்தும் ஒரு முறை வர வேண்டும் என்பதற்காக. தேர்வுக்குப் படிக்கும்போது பத்து வயதுப் பிள்ளைகள் இதில் திணறியபோது எனக்கு மட்டும் சுலபமாக இருந்தது. ரி, க சேர்க்கை ஆறு, த, நி சேர்க்கை ஆறு, ம இரண்டு, பெருக்கினால் 72 மேளகர்த்தா, அதாவது மேளங்கள். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி என்ற இசை நூலாசிரியர் இந்தக் கணக்கைப் போட்டபோது இந்த மேளங்களில் பெரும்பாலானவை வழக்கிலேயே இல்லை. இன்றைய வரிசையில் மாயாமாளவகௌளை 15-ஆவது மேளம், சங்கராபரணம் 29-ஆவது.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. அடிக்கடி நடக்கும் தப்பு, இந்தக் கணக்கையே ராகம் என்று நினைப்பது. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஏறும்போது ச ரி ம ப த ச, இறங்கும்போது ச நி த ப ம க ரி ச. கட்டைகளும் அதே கட்டைகள். கீபோர்டில் நேராக வாசித்தால் இரண்டும் ஒன்று. ஆனால் ஆரபி விறுவிறுவென்று நிமிர்ந்து நடக்கும். தேவகாந்தாரி நின்று, இழைத்து, அசைந்து வரும். கமகம் (ஸ்வரத்தை அசைத்து, வளைத்துப் பாடுவது), எந்த ஸ்வரத்தில் நிற்பது, எந்தப் பிடியை, அதாவது ராகத்துக்கே உரிய சின்னச் சின்ன ஸ்வரத் தொடரை, திரும்பத் திரும்பக் காட்டுவது, இவைதான் ராகத்தைச் செய்கின்றன. தோடியின் காந்தாரத்தை எந்தக் கட்டை என்று கேட்டால் என்னால் விரல் வைத்துக் காட்ட முடியாது. அது ரி-க்கும் ம-வுக்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. எழுத்தில் இதற்கு மேல் என்னால் விளக்க முடியாது, காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். சாதாரண கீபோர்டில் தொட்டுத் தொட்டு வாசித்தால் கமகம் வராது. அசையாமல் நேராக நிற்கும் ஸ்வரங்கள் வேண்டுமென்றால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயர்களின் மெட்டுகளைக் கேட்டு, கமகம் இல்லாமல், சங்கராபரண ஸ்வரங்களில் அமைத்தவை. உங்கள் கீபோர்டுக்கு அவை கச்சிதம். மகளும் கூடப் பாடலாம்.

ச என்பது நாம் வைக்கும் இடம்தான் என்று இவ்வளவு சொன்னேன். நம்பிக்கை வரவில்லையென்றால் இன்றிரவே செய்து பாருங்கள். கருப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருக்கும். மூன்றில் முதல் கட்டையைச் ச என்று வைத்து, அடுத்தடுத்த ஐந்து கருப்பையும் தொட்டு மேல் ச-வுக்குப் போங்கள். மோகனம். அதே ஐந்து கட்டைகள்தான், அடுத்த கருப்பிலிருந்து ஆரம்பித்து அதிலேயே முடியுங்கள். மத்தியமாவதி. அதற்கும் அடுத்தது இந்தோளம். பிறகு சுத்த சாவேரி, கடைசியில் சுத்த தன்யாசி. ஒரு கட்டையும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. வீடு மாறியது, ராகம் மாறிவிட்டது. இடது கையால் அந்தந்த ச-வை அழுத்திப் பிடித்துக்கொண்டே வாசித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இதைக் கிரக பேதம் என்கிறோம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஸ்வரப் பெயர்களையே அவர்களுக்கு வைக்கிறாள். பெயர்கள் உறுதி. அதில் குரல் இன்றைய ச-வா, ம-வா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அதில் பிடித்தது வேறு: வட்டத்தில் நிற்பவர்களுக்கு முதல் இடம் என்று ஒன்று இல்லை, எங்கிருந்து எண்ணுகிறோமோ அதுதான் முதல்.

தாளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவேயில்லை. கீபோர்டு வாங்கியவர்கள் யாரும் கேட்பதில்லை, அதில் பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ் ஓடுகிறதே. ஆனால் வீட்டில் கூட வாசிப்பது கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். மகள் போடும் ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. நாலு, இரண்டு, இரண்டு. வீடியோவில் சொல்லும் ஃபோர் ஃபோரில் (கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை) இரண்டு கட்டம் போட்டாலும் எட்டுதான் வரும், ஆனால் சுற்றின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைக் கை காட்டாது. இரண்டாம் காலம் என்றால் தட்டு வேகமாகாது. தட்டு அப்படியே இருக்க, ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம் வரும். மூன்றாம் காலத்தில் நாலு. என்னிடம் வரும் பெரியவர்களில் பாதிப்பேர் இரண்டாம் காலம் என்றதும் கையையும் சேர்த்து ஓட்டுவார்கள். பிள்ளைகள் அவ்வளவாகச் செய்வதில்லை. ஒரு மாதம் கீபோர்டைத் தொடாமல் மகளோடு உட்கார்ந்து வெறும் தாளம் போட்டுப் பாருங்கள். முப்பத்தைந்து தாளப் பட்டியல், சாபு வகைகள், எடுப்பு எல்லாம் பிறகு வரட்டும்.

மேற்கத்தியக் கோட்பாட்டில் நீங்கள் அடுத்து சந்திக்கப்போவது கார்டு, பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவைப்பது. சி, இ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சி மேஜர், நம் பாஷையில் ச, அந்தர காந்தாரம், ப. நடுவில் இருப்பதை அரைப் படி இறக்கினால் மைனர். அவர்கள் இசை இந்தக் கூட்டொலிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்வதில் இருக்கிறது, நம்முடையது ஒரே ச-வை ஊன்றிக்கொண்டு ஒரே இழையை நூற்பதில் இருக்கிறது. சினிமா இசையமைப்பாளர்கள் இரண்டையும் அழகாகப் பின்னிவிடுகிறார்கள். ஆனால் மகள் வரிசை பாடும்போது அடியில் கார்டு போடாதீர்கள். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் குழந்தை தம்பூராவை விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடும்.

கேள்வியின் கடைசியில், இன்ன ராகம் இன்ன நோயைக் குணப்படுத்தும் என்ற பட்டியல் உண்மையா என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். இசை கேட்டால் மனம் அமைதியாகிறது, அது என் அனுபவமும்தான். ராகத்துக்கு ஒரு நோய் என்று ஒதுக்கிக்கொடுக்கும் பட்டியலுக்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. நான் வயலின்காரன், டாக்டர் இல்லை.

அந்த ஸ்டிக்கர்கள். சி, டி, இ இருந்துவிட்டுப் போகட்டும், அவை என்றைக்கும் மாறாது. ச ரி க ம மட்டும் பிய்த்துவிடுங்கள். கீபோர்டில் எல்லாக் கட்டைகளின் ஒலியையும் மேலோ கீழோ நகர்த்தும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருந்தால் மைனஸ் நாலு வைத்துவிட்டு, சி கட்டையிலிருந்தே மகளோடு வாசிக்கலாம்: சி, சி ஷார்ப், இ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி. விரலுக்குச் சுலபம். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது பொத்தானை அணைத்துவிட்டு ஜி ஷார்ப்பிலிருந்தே வாசியுங்கள். குழந்தை வளர வளரக் குரல் மாறும். இன்னும் ஒரு வருஷத்தில் டீச்சர் "இனிமே அஞ்சு வச்சுக்கலாம்" என்று சொன்னால், அப்போது நீங்கள் ஜி-யிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடலாம்.